பதினாலாம் நாற்காலியின் கொட்டாவிகள்

பின்கழுத்தைப் பார்த்தே ஒருவர் கொட்டாவி விடுகிறாரா என்று சொல்வதைத் திறமை என்று யாரும் சேர்ப்பதில்லை. கொட்டாவியாருக்கு அந்தத் திறமை இருந்தது. முதலில் தோள்கள் இரண்டும் அரை அங்குலம் ஏறும். அப்புறம் தலை பின்னால் சாயும். காதுக்குக் கீழே தாடை எலும்பு ஒரு முறை புடைத்து அடங்கும். கை வாய்க்குப் போனால் அது நாகரிகக் கொட்டாவி. போகாவிட்டால் அசல் கொட்டாவி. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரி ஒரு கோடுதான் போடுவார்.

அவர் பிறக்கும்போதே கொட்டாவியார் இல்லை. பதினேழு வருடம் வீடு வீடாகப் படியேறித் தண்ணீர் ஃபில்டர் விற்றவர். அழுக்குத் தண்ணீரை ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் தெளிந்த தண்ணீரை வாங்கி, அதை வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே மடமடவென்று குடித்துக் காட்டுவார். ஒரு மழைநாளில் வண்டி சறுக்கியது. வலது முழங்காலில் இரண்டு ஸ்குரு இறங்கியது. மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது அவரால் நடக்க முடிந்தது, படியேற முடிந்தது. வண்டி மட்டும் ஓட்ட முடியவில்லை. நிறுவனம் அவரை அலுவலகத்துக்குள் ஒரு வேலையில் உட்கார வைத்தது. அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்தார்கள். பதினேழு வருடம் உழைத்தவனுக்குச் செய்வதை உரிமை என்று சொல்லிவிட்டால் அடுத்தவனும் கேட்பான் அல்லவா, அதனால் இரக்கம்.

வேலை இதுதான்: திங்கள்கிழமை விற்பனைக் கூட்டத்தை நடத்திவைப்பது. இருபத்தெட்டு நாற்காலிகளை நான்கு வரிசையில் போடுவது, திரையைக் கட்டுவது, புரொஜெக்டரை ஓட்டுவது, மைக்கைச் சரிபார்ப்பது. இதெல்லாம் போக இன்னொன்று. விற்பனை மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நம்ம ஆளுங்க மீட்டிங்ல உயிரோட இருக்கணும். அது உங்க பொறுப்பு."

மேலாளருக்கு மைக் என்று ஊழியர்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு மைக்கைக் கையில் எடுத்தால் பதினொன்றரைக்குத்தான் கீழே வைப்பார். அந்த இரண்டரை மணி நேரமும் கேட்கிறவர்கள் கண் திறந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை.

கொட்டாவியார் என்னென்னவோ செய்து பார்த்தார். கால் மணிக்கு ஒரு முறை எல்லோரும் எழுந்து கைதட்ட வைத்தார். இரண்டாம் வாரம் உட்கார்ந்தபடியே தட்டினார்கள், மூன்றாம் வாரம் பேருக்கு விரலைத் தட்டினார்கள். பந்து வீசி, பிடித்தவர் ஒரு யோசனை சொல்ல வேண்டும் என்றார், ஒருவர்கூடப் பிடிக்கவில்லை. உற்சாகப் பேச்சாளர் ஒருவரையும் அழைத்து வந்தார்கள். வெற்றி எண்ணத்துக்கு ஓர் அலை உண்டு, அது வாடிக்கையாளரைத் தேடிப் போய் இழுத்து வரும் என்றார் அவர். அந்த அலையை எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று கொட்டாவியார் மரியாதையாகத்தான் கேட்டார். உங்களைப் போன்ற எதிர்மறை ஆட்களால்தான் நிறுவனங்கள் மூழ்குகின்றன என்று பதில் வந்தது. பிறகு எல்லோரும் கண்ணை மூடி வெற்றியை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னார் பேச்சாளர். ஏழு பேர் தூங்கிவிட்டார்கள். ஒருவர் குறட்டையும் விட்டார்.

அதற்குப் பிறகுதான் மைக் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். கூட்டத்தில் யார் யார் எத்தனை கொட்டாவி விடுகிறார்கள் என்று எழுத வேண்டும். எழுதுகிறார்கள் என்று தெரிந்தாலே வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. வாய் மூடவில்லை. அதுவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அலுவலகம் அவரைக் கொட்டாவியார் என்று கூப்பிடத் தொடங்கியது, அவ்வளவுதான்.

இங்கேதான் ஒரு சின்ன வசதி பெரிய தப்பாக முளைத்தது. திரை தெளிவாகத் தெரிய விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரே ஜன்னலையும் நிறுவனத்தின் பேனர் மறைத்திருந்தது. கொட்டாவியார் கடைசி வரிசைக்கும் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து முகம் தெரியாது. ஆனால் நாற்காலிகள் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரில் மொத்தமாக வாங்கியவை. தேர்வு நடத்துவதற்காக ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியிருந்தது. அந்த எண் இருட்டிலும் பளிச்சென்று தெரியும். வரிசை பிசகாமல் நாற்காலி போடுவதும் அவர்தான். ஆகவே அவர் எண்ணை எழுதினார். பதினாலு, ஒரு கோடு. இருபத்திமூன்று, ஒரு கோடு. எந்த எண்ணில் யார் என்பதற்கு மைக் முதல் வாரமே வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி ஓர் அட்டவணை அடித்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

அந்த அட்டவணைப்படி உட்கார்ந்தது இரண்டே வாரம். அப்புறம் அவரவர் வந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கொட்டாவியாருக்கு அது தெரியும். தெரிந்தும் எண்களைப் போட்டுக்கொண்டே போனார். யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. பதினோரு மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மைக் அவரை அறைக்குக் கூப்பிட்டு, குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார். விற்பனை இறங்கிவிட்டது. மூன்று பேரைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் முதலாளி. திங்கள்கிழமை கூட்டத்துக்கு அவரே வருகிறார். ஈடுபாடு இல்லாதவர்கள் யார் என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மைக் அட்டவணையை ஒரு கையிலும் பக்கங்களை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார். பதினாலாம் எண்ணுக்கு நூற்று முப்பத்தொன்று. இரண்டாவதாக வந்ததற்கு ஐம்பதுகூட இல்லை.

அட்டவணையில் பதினாலுக்கு நேராக டீச்சர் பெயர் இருந்தது.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு விற்பனைக்கு வந்தவர், அதனால் அந்தப் பெயர். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், படுக்கையில் மாமியார், சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர். முதல் கூட்டத்திலேயே திரையில் எழுத்து தெரியவில்லை என்று சொல்லி முதல் வரிசைக்குப் போய்விட்டார். போகச் சொன்னதும் இதே மைக்தான். பதினோரு மாதமாக டீச்சரின் பின்கழுத்து மூன்றாம் எண்ணில் இருந்தது. மூன்றாம் எண்ணுக்குக் குறிப்பேட்டில் மொத்தமே ஆறு கோடு.

கொட்டாவியார் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. மைக் ஏற்கெனவே தொலைபேசியில் யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தார். வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். குழாயைத் திறந்தார், மூடினார். நாளிதழை எடுத்து நடுப்பக்கம் வரை புரட்டி, என்ன படித்தோம் என்று தெரியாமல் மடித்து வைத்தார். முழங்கால் ஸ்குரு இரண்டும் தனித்தனியாக வலித்தன. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். அவர் சொன்னார்.

மனைவி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பேரு ஒட்டாத பாட்டில் வந்தா நாங்க அதைத் தொடவே மாட்டோம்ங்க. தூக்கிக் குப்பையில போட்ருவோம். யார் ரத்தம்னு தெரியாம யாருக்கு வியாதின்னு எழுதறது? நீங்க பதினோரு மாசமா பேரில்லாத பாட்டிலா நிரப்பிட்டு வந்திருக்கீங்க."

"எனக்கு எப்படித் தெரியும், இதை வெச்சு ஆளைத் தூக்குவாங்கன்னு."

"எழுதறப்பத் தெரியாது. இப்பத் தெரியும்ல."

சனிக்கிழமை காலை அவர் மைக்குக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினார். எண் வேறு, ஆள் வேறு. அந்த நாற்காலியில் வாரம் ஒருவர் உட்கார்கிறார். டீச்சர் உட்காரவே இல்லை. எதிர்முனையில் மைக் வழக்கத்துக்கு மாறாகப் பொறுமையாகக் கேட்டார்.

"லிஸ்ட் முதலாளிக்கு அனுப்பியாச்சு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா முதல்ல என்ன கேப்பாரு தெரியுமா? இதை எழுதுன ஆளுக்கு எதுக்கு இத்தனை நாள் சம்பளம்னு கேப்பாரு. மூணு பேர் நாலு பேர் ஆகும். யோசிச்சுக்குங்க."

மிரட்டல் என்றுகூடச் சொல்ல முடியாது. அவ்வளவு அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் கொட்டாவியாரைக் குடைந்தது. வண்டி ஓட்ட முடியாத நாற்பத்து நாலு வயதுக்காரனுக்கு வெளியே என்ன வேலை காத்திருக்கிறது? சனிக்கிழமை முழுவதும் தெருவில் நடந்தார். மருந்துக் கடை வரை போனார், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினார். நடக்க நடக்க வேறொரு கேள்வி முளைத்தது. வாரம் ஒருவர் உட்கார்ந்தும் பதினாலாம் நாற்காலிக்கு மட்டும் ஏன் நூற்று முப்பத்தொன்று? ஆள் மாறினாலும் கொட்டாவி மாறவில்லை என்றால் நோய் ஆளிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு கூட்ட அறையைத் திறந்தார். நாற்காலிகளை வழக்கம்போல் போட்டார். விளக்கை அணைத்து, புரொஜெக்டரை ஓடவிட்டு, பதினாலில் போய் உட்கார்ந்தார். இரண்டாம் வரிசையின் கடைசி, சுவரோரம். புரொஜெக்டரின் ஸ்டாண்ட் அதற்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவரே வைத்தது. பத்து நிமிடத்தில் இடது கன்னத்தில் சூடு உறைத்தது. புரொஜெக்டரின் விசிறி தன் வெக்கையையெல்லாம் அந்த நாற்காலியின் முகத்தில்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஏசி காற்று தூணில் முட்டித் திரும்பிவிடும், அங்கே எட்டாது. பக்கத்து ஜன்னலைப் பேனர் அடைத்திருந்தது. காதருகே ஒரே சீரான ர்ர்ர் என்ற சத்தம். பதினேழாவது நிமிடம் அவரே கொட்டாவி விட்டார். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அசல்.

இருட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். பிறகு கோபம் வந்தது. ஓர் ஆளின் சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு நாற்காலியில் பதினேழு நிமிடம் உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை.

திங்கள்கிழமை முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒட்டடைக் குச்சி போன்ற ஆள், அதிகம் பேசமாட்டார். வழக்கமாக முன்னால் அவருக்கு ஒரு சோபா போடுவார்கள். அன்றைக்குச் சோபா இல்லை. மைக் சோபாவைத் தேடுவதற்குள் கொட்டாவியார் முதலாளியை இரண்டாம் வரிசைக்கு அழைத்துப் போனார். இங்கிருந்து திரை பளிச்சென்று தெரியும் என்றார். அது பொய்யில்லை. மைக் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார். கொட்டாவியார் அந்தக் கண்ணைப் பார்க்காமல் விளக்கை அணைத்தார்.

மைக் அன்றைக்குப் பிரமாதமாகப் பேசினார். ஏறும் கோடு, இறங்கும் கோடு, வட்டத்துக்குள் வட்டம். கொட்டாவியார் பேனாவைப் பிடித்துக்கொண்டு பதினாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பதினைந்து, இல்லை. இருபதும் ஆனது. எல்லாம் தன் கற்பனையோ, முதலாளிமார்களுக்குத் தாடை வேறு மாதிரி செய்திருப்பார்களோ என்று நினைத்தார். இருபத்திரண்டாவது நிமிடம் முதலாளியின் தோள்கள் அரை அங்குலம் ஏறின. தலை பின்னால் சாய்ந்தது. கொட்டாவியார் ஒரு கோடு போட்டார். இவ்வளவு கவனமாக அவர் எந்தக் கோட்டையும் போட்டதில்லை.

பதினொன்றேகாலுக்கு மைக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நிறுவனம் ஒரு குடும்பம், குடும்பத்தில் சில கசப்பான முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். திரையில் மூன்று வரிகள் வந்தன. முதல் வரியில் டீச்சர் பெயர், அதற்கு எதிரே நூற்று முப்பத்தொன்று. முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டீச்சர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவ்வளவு இருட்டிலும் அவர் பார்த்தது தன்னைத்தான் என்று கொட்டாவியாருக்குத் தெரிந்தது.

அவர் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"சார், அது பழைய கணக்கு. இன்னிக்குப் பதினாலாம் நம்பர்ல அஞ்சு கொட்டாவி. சேத்துக்கிட்டா நூத்தி முப்பத்தாறு."

"டீச்சர் இங்க என் கண்ணு முன்னாடியே உக்காந்திருக்காங்க," என்றார் மைக். "ஒரு கொட்டாவிகூட விடலை. எதையாவது உளறாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது மைக்கின் காதில் விழுந்தது. நிஜ மைக் கையில் இருந்ததால் அறை முழுக்க விழுந்தது.

"ஆமா சார். டீச்சர் மூணுல உக்காந்திருக்காங்க. பதினோரு மாசமா மூணுலதான். நான் எழுதினது ஆளை இல்ல, நாற்காலியை."

அத்தனை தலைகளும் மெல்லத் திரும்பின. அவரவர் பக்கத்து நாற்காலியின் எண்ணைத் தேடின. முதலாளி எழுந்தார். குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அந்த அஞ்சு என்னோடதா?"

"ஆமா சார். முதலாவது ஒன்பது இருபத்திரண்டுக்கு."

யாரோ சிரிப்பை அடக்கப் போய் இருமினார்கள். அந்த இருமல் வரிசை வரிசையாகப் பரவியது. முதலாளி சிரிக்கவில்லை. கையை நீட்டி புரொஜெக்டரின் பக்கவாட்டில் வைத்தார், சட்டென்று எடுத்தார்.

"அடுப்பு மாதிரில்ல இருக்கு," என்றார். பிறகு மைக்கிடம் அந்தத் திரையை அணைக்கச் சொன்னார். கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை, எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அன்று பிற்பகலே முடிவு வந்தது. மூன்று பேர் பட்டியல் நிறுத்தப்பட்டது. குறிப்பேடும் நிறுத்தப்பட்டது. ஆகவே குறிப்பேடு எழுதுகிற வேலையும் இல்லை, நாற்காலி போடக் காவலாளி போதும். வேண்டுமானால் கொட்டாவியார் மறுபடி வெளி விற்பனைக்குப் போகலாம், வண்டிக்கு அவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டியல் போட்டவர் நாற்காலியில் இருப்பார், எழுதியவர் தெருவுக்குப் போவார். இதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை, நிர்வாக முடிவு என்று சுற்றறிக்கை வந்தது. ஜன்னலை அடைத்திருந்த பேனரை மட்டும் கொட்டாவியார் போவதற்கு முன்னால் நான்கு ஆணியையும் பிடுங்கி இறக்கிவிட்டார். அதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

டீச்சர் நன்றி சொல்லுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்றால் அது பொய். மாடிப்படியில் டீச்சர் அவரை நிறுத்தினார்.

"எல்லாரும் நீங்க என்னைக் காப்பாத்தினீங்கன்னு சொல்றாங்க அண்ணே. மாட்டிவிட்டது யாரு?"

"நான்தான்."

"பதினோரு மாசம் தினம் என் முகத்தைப் பாத்துட்டு, டீ குடிச்சீங்களான்னு வேற கேட்டீங்க."

டீச்சர் இறங்கிப் போய்விட்டார். கொட்டாவியார் அந்தப் படியிலேயே நின்றார். ஏறுவதா இறங்குவதா என்று தெரியாமல் கால் மாற்றி மாற்றி நின்றார்.

அடுத்த திங்கள் காலை ஃபில்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். மூன்று பேருந்து மாறினால்தான் அவருக்குக் கொடுத்த பகுதிக்குப் போக முடியும். ஒரு ஸ்கூட்டர் வந்து எதிரே நின்றது. டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதே பக்கம்தான் தானும் போகிறேன் என்றார். கோபம் அப்படியே இருக்கிறது என்பதையும் சொன்னார்.

"ஏறுங்க. பின்னாடி உக்காந்து கொட்டாவி விட்டீங்கன்னா பாதி வழியில இறக்கிவிட்ருவேன்."

அவர் காலை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஏறினார். போகிற வழியெல்லாம் எதிரே டீச்சரின் பின்கழுத்து. பழக்கம் விடவில்லை, தோள் ஏறுகிறதா என்று பார்த்தார். பார்ப்பதை உணர்ந்து முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதல் வீட்டுக்கு டீச்சரும் கூடவே வந்தார். ஒரு பெண்மணி கதவைத் திறந்து இருவரையும் உட்காரச் சொன்னார். கொட்டாவியார் பேச ஆரம்பித்தார். ஐந்து அடுக்கு வடிகட்டி, கார்பன், சவ்வு, உத்தரவாதம். ஒரு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்த பேச்சு மடை திறந்தது. நான்காவது நிமிடத்தில் அந்த அம்மாவின் தோள்கள் அரை அங்குலம் ஏறின. தாடை புடைத்தது. கை வாய்க்குப் போனது, நாகரிகமானவர்.

கொட்டாவியார் நிறுத்தினார். நடு வாக்கியத்தில் நிறுத்தியதால் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன்," என்றார் அவர். "உங்க வீட்டுத் தண்ணி எப்படிங்க இருக்கு?"

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை ஏன் கேட்கிறீர்கள் என்று தொடங்கி, கால் மணி நேரம் நிறுத்தவில்லை.